ரத்த சம்பந்தம் இல்லை என்றோம்

என் மகள் நடக்கப் பழகிய வயதிலேயே அவள் உடம்பில் கன்றிப்போன இடங்கள் இருந்தன. விழுந்து எழும் பிள்ளைக்கு முழங்காலில் இருப்பது இயல்பு. இவளுக்கு முதுகில் இருந்தது. மேல்கையின் உள்பக்கம் இருந்தது. குளிப்பாட்டும்போது வழுக்காமல் இருக்க நான் அழுத்திப் பிடித்த இடத்தில் என் விரல்களின் அச்சே நீலமாக நின்றது.

எழுபதுகளின் தொடக்கம் அது. சிடாம் கிரிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. காலையில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். கொஞ்ச நாளிலேயே தொழிலாளர் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அடித்தது போதாமல் டீச்சர் வீட்டிலும் பிரம்பை எடுக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். என் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை. ஆயாதான் ஒரு நாள் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி, "இன்னிக்கு இது இங்க வந்தது இல்ல டீச்சர், வரும்போதே இருந்தது. நாளைக்கு எங்கமேல பழி வரக்கூடாது பாருங்க" என்றாள். அந்த லயத்துக்காரர்களில் சிலரை இப்போதும் சுங்கை பட்டாணி மார்க்கெட்டில் பார்க்கிறேன். பிள்ளை நல்லா இருக்கா டீச்சர் என்று கேட்கிறார்கள். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தோட்டத்து மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரசர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் பத்தவில்லை என்று சிவப்பு டானிக் கொடுத்தார். அதைக் குடித்துப் பல் கறுத்ததுதான் மிச்சம். முதல் பால்பல் விழுந்த அன்று காலையில் தொடங்கிய ரத்தம் பொழுது சாய்ந்தும் நிற்கவில்லை. வாயில் வைத்த துணியை மாற்றிக்கொண்டே இருந்தோம். தோட்டத்து மேனேஜர் துரையின் டிரைவரைக் கெஞ்சி வண்டியில் டவுனுக்குக் கொண்டுபோனோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் டாக்டர். நல்ல மனிதர்தான், அதை மறைக்கக் கூடாது. ரத்தம் உறைய வேண்டுமானால் தட்டணு என்று ஒன்று வேண்டும், காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வந்து அடைத்துக்கொள்வது அதுதான், உங்கள் மகளுக்கு அது மிகவும் குறைவு என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார், கணவன் மனைவிக்குள் ரத்த சம்பந்தம் உண்டா என்று.

"அடா பெர்தாலியான் டாரா?"

"தாக் அடா, டாக்டர்", இல்லை என்றார் என் கணவர்.

அவர் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நம்மவர்களிடம் ரத்த சம்பந்தம் என்றால் பங்காளி. அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். அவர்களைக் கட்ட முடியாது, நினைப்பதே பாவம். அத்தை மகனும் மாமன் மகளும் அப்படியில்லை. அவர்கள் முறை உள்ளவர்கள். கட்டிக்கொள்ளலாம் என்றாலே ரத்தம் வேறு என்றுதான் அர்த்தம். அந்த டாக்டர் முன்னால் நான் என் கணவரை 'அத்தான்' என்று கூப்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். ஏனென்றால் அவர் என் அத்தை மகன். அவரைப் பெற்றவள் என் அப்பாவோடு பிறந்தவள். செபுபுவா, அதாவது அத்தை மாமன் பிள்ளைகளா என்று அந்த மலாய்க்கார டாக்டர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆமாம் என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்லியிருப்போம். அவர் கேட்கவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர்களும் கேட்கவில்லை. முன்னவர் இல்லை என்று எழுதியதைப் பின்னவர் நம்பினார். ஆக, இது பரம்பரையாக வந்ததில்லை, உடம்பே தன் தட்டணுவை அழிக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

அதற்கென்று கொடுத்த மாத்திரை அவள் முகத்தைப் பூசணிக்காயாக ஊதவைத்தது. பள்ளியில் அவளுக்கு அதுவே பட்டப்பெயரும் ஆயிற்று. தட்டணு ஏறவில்லை. மண்ணீரலை எடுத்துப் பார்க்கலாமா என்று பேச்சு வந்தது. அத்தான் இன்று நாளை என்று தள்ளினார். அவர் எதையும் தள்ளிப்போடுகிறவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது குதிகாலின் பின்பக்கம், நரம்பு தெரியும் இடத்தில், ஒரு கட்டி தெரிந்தது. பிறகு இரண்டு முழங்கைகளிலும் வந்தது. மஞ்சளாக, கோழித் தோலுக்கு அடியில் இருக்குமே அந்த நிறத்தில். வலி இல்லை. செருப்பு கடித்திருக்கும் என்றார் அத்தை. மாமியாரான அத்தை எங்களோடுதான் இருந்தார். செருப்பு முழங்கையைக் கடிக்குமா என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் கேட்காமல் விட்டவை நிறைய.

டவுனில் அப்போது பெயர்பெற்ற தனியார் கிளினிக் ஒன்று இருந்தது. அந்த டாக்டர் தமிழர், வெளிநாட்டில் படித்தவர். வெளியே நாற்காலி கிடைக்காமல் சனங்கள் கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் நிற்பார்கள். கட்டியை விரலால் உருட்டிப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பி, அடுத்த வாரம் வரச் சொன்னார். போனதும் கட்டியைத் தொட்டுக்காட்டி, "இது கொழுப்பு. பிள்ளைக்குக் கொழுப்பு ரொம்ப அதிகம்" என்றார்.

"வீட்லயும் அதைத்தான் டாக்டர் சொல்றோம். வாய் அப்படி" என்றார் அத்தான். டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

முட்டை, ஆடு, கோழி, இறால், நெய், பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். எண்ணெய் பற்றிக் கேட்டேன்.

"நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சோள எண்ணெய், எவ்வளவு வேணும்னாலும் குடுங்கம்மா. செடியில இருந்து வர்றது ஒண்ணும் பண்ணாது."

அன்று மாலையே வீட்டில் அத்தை வேண்டுதல் போட்டுவிட்டார். பிள்ளைக்குக் குணமாகும்வரை இந்த வீட்டில் கவிச்சி கிடையாது, முருகனே டாக்டர் வாயால் சொல்லிவிட்டான் என்றார். வீடு முழுவதும் சைவமாயிற்று. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத அத்தான்கூட மறுபேச்சுப் பேசவில்லை. தாயின் வேண்டுதலுக்கு எதிராக அவர் பேசி நான் பார்த்ததில்லை. அத்தைக்கு இதில் ஒரு பெருமையும் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். நாங்கள் இப்போது அதெல்லாம் தொடுவதில்லை என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். பள்ளிக்குக் கட்டிக்கொடுக்கும் ரொட்டியில் நெய்யும் இல்லை, வெண்ணெயும் இல்லை, கச்சானை, வேர்க்கடலையைத்தான், அரைத்துத் தடவுவோம். கீரை, தேங்காய்த் துவையல், எள்ளுருண்டை, முளைப்பயறுத் தௌகே, புளிக்கவைத்த சோயாத் தெம்பே. நாலு பேருக்குச் சமைக்கிற எண்ணெயில் பாதி அவள் தட்டில்தான் இருந்தது. அவளுக்குச் சாப்பாட்டில் ஆசை உண்டு. போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். கட்டிகள் பெரிதாயின. குதிகால் தடித்து, பள்ளிக்குக் காலில் போடும் சப்பாத்தின் பின்பக்கத்தை வெட்டிவிட்டுப் போட வேண்டியிருந்தது. கன்றுவதும் குறையவில்லை. முகம் வெளுத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கினாள்.

கிளினிக் டாக்டர் புதிய பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "வெளியில எங்கயோ சாப்பிடுறா. நல்லா விசாரிங்க" என்றார். நீங்கள் வீட்டில் ஒழுங்காக இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் சொன்ன பேச்சு அது. வீட்டுக்கு வந்ததும் அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து முனையில் இருந்த சீனக் கடைக்குப் போனார். இவள் இங்கே முட்டை வாங்குகிறாளா, மீன் உருண்டை வாங்குகிறாளா என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டார். கடைக்காரர், வாங்குவதில்லை, சட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பிறகு போய்விடும் என்றார்.

திரும்பி வரும்போது அவள் சொன்னாளாம்: "நான் திருடலப்பா. மோந்து பாத்தேன், அவ்வளவுதான்."

இதை அத்தான் என்னிடம் சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை. ஆனாலும் அடுத்த வாரமும் அந்த டாக்டரிடம்தான் போனோம். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த நோய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் பெரிய மனுஷி ஆனாள். அந்த வயதுப் பெண்ணுக்கு நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து ஊற்றுவார்கள். உளுந்தங்களியில் நடுவில் குழி பறித்து எண்ணெய் விடுவார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். எங்கள் வீட்டில் வேண்டுதல் இருந்ததால் முட்டை இல்லை. முட்டைக்கும் சேர்த்து நல்லெண்ணெயை டம்ளரில் கொடுத்தார் அத்தை. எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, அதனால் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரத்தம் நிற்கவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். தண்ணி ஊற்றுவதற்கு நாள் பார்த்து, செமிலிங்கில் இருந்த சொந்தங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அத்தை எண்ணெயைக் கூட்டினார். நான் துணிகளைத் துவைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு காலையில் அவள் பாயிலிருந்து எழுந்து நிற்க முயன்று அப்படியே சரிந்தாள். உதடு சுவர் நிறத்தில் இருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, இனி எங்களால் முடியாது என்று பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். பாலம் கட்டி முடியாத காலம். ஆம்புலன்ஸ் ஃபெர்ரிக்காக வரிசையில் நின்றது. கடலைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டவள், ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை.

அங்கே அவளைப் பார்த்தவர் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். தலையில் நரை தொடங்கியிருந்தது. அதிகம் பேசமாட்டார். முதலில் ரத்தப்போக்கை நிறுத்தினார். பிறகு ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி அவரே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் மற்றவர்கள் செய்தார்களா செய்யவில்லையா எனக்குத் தெரியாது. செய்திருந்தாலும் எங்களிடம் சொன்னவர் யாரும் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் குழாய் வழியாகப் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பு வட்டங்கள் நெருக்கமாகக் கிடந்தன. இடையிடையே, அதே அளவில், ஊதா நிறத்தில் சில.

"அந்த ஊதா தெரியுதா? அதுதான் தட்டணு. தூசி மாதிரி இருக்கணும். இங்க பாருங்க, சிவப்பணு அளவுக்கு வளந்து கெடக்கு. இவ்வளவு பெருசா இருந்தா மெஷின் அதைத் தட்டணுன்னே எண்ணாது."

அப்படியானால் குறைவு இல்லையா என்று கேட்டேன். குறைவுதான், ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை என்றார். குறைவைவிட இந்த அளவுதான் தனக்குப் புரியவில்லை என்றார். பிறகு குதிகால் கட்டியையும் முழங்கைக் கட்டிகளையும் தொட்டுப் பார்த்தார். கொழுப்புக்கு ஒரு டாக்டர், ரத்தத்துக்கு ஒரு டாக்டர் என்று நாங்கள் இத்தனை வருடம் போய்வந்திருக்கிறோம். ஒரு பிள்ளை உடம்பில் இரண்டு அபூர்வம் தனித்தனியாக வராது என்றார். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது பேச்சோடு பேச்சாக, மாமியார் கூட வந்திருக்கிறார்களா என்று கேட்டார். அத்தை வீட்டில் இருக்கிறார் என்றேன்.

"மாமியாரை அத்தைன்னு கூப்பிடுவீங்களா?"

"அவங்க அத்தைதான் டாக்டர். எங்கப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி."

பேனாவை மேசையில் வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தார். "சொந்தத்துல கட்டினவங்களா நீங்க? பழைய சீட்டு எல்லாத்திலயும் இல்லைன்னு இருக்கே."

"ரத்த சம்பந்தம் இருக்கான்னுதானே கேட்டாங்க டாக்டர். நாங்க முறைதானே" என்றார் அத்தான்.

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. தன் வீட்டிலும் யாரையோ நினைத்துக்கொண்டவர்போல் இருந்தார். "இனிமே யார் கேட்டாலும் இருக்குன்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார். பதில் வருவதற்கு மழைக்காலம் போய் வெயில் காலம் வந்துவிட்டது. தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி இருந்து, இரண்டு பாதியும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் மட்டும் வருகிற நோய் என்றார். செடிகளிலும் விதைகளிலும் கொழுப்பைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. எல்லார் வயிற்றிலும் அது நுழையப் பார்க்கும், குடல் திருப்பித் தள்ளிவிடும். என் மகளின் குடலுக்குத் தள்ளத் தெரியாது. உள்ளே வந்தது வெளியேறாமல் குதிகால் மாதிரி இடங்களில் தசைநாரில் படிகிறது, ரத்தக் குழாயின் சுவரில் படிகிறது. தட்டணுவுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டேன். எந்த அணுவுக்கும் மேல்தோல் கொழுப்பால் ஆனது, நாம் தின்னும் கொழுப்பைப் பொறுத்து அந்தத் தோல் மாறும், வேண்டாத கொழுப்பு அங்கே போய்ப் புகுந்துகொண்டால் தட்டணு இப்படி ஊதிப்போகலாம் என்று விளக்கினார். பிறகு தானே சொன்னார்: "இது என் ஊகம்தாம்மா. நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல." அத்தனை டாக்டர்களில் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நல்லெண்ணெய் கொடுத்தோமே என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கிளினிக் டாக்டரிடம் பிறகு ஒருமுறை தனியாகப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மிகவும் அபூர்வமான நோய், யாருக்கும் தெரிந்திருக்காது என்றார். இருக்கலாம். அந்த நோய் தெரியாததற்கு நான் அவரைக் குறை சொல்லவில்லை. வெளியில் எங்கேயோ சாப்பிடுகிறாள் என்று எவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். அதற்கு ஒரு வார்த்தை சொல்வாரா என்று காத்திருந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

வீட்டில் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று அத்தான் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். கடைசியில் நான்தான் சொன்னேன். எண்ணெய் விஷயத்தை அவர் காதில் வாங்கவே இல்லை. சொந்தத்தில் கட்டியதால் என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"எவடி சொன்னவ? பங்காளி ரத்தமும் மாமன் மச்சான் ரத்தமும் ஒண்ணா? எங்க பரம்பரைல இப்படி ஒரு நோவு கெடையாது. உங்கப்பன் வீட்டு ரத்தம்தான் கெட்டது."

"எங்கப்பா வீடுதானே அத்தை நீங்களும்."

வாழ்க்கையில் நான் அவருக்குத் திருப்பிச் சொன்ன ஒரே பதில் அது. நெல்லிக்காயைக் கடித்ததுபோல் அவர் முகம் போயிற்று. அதன் பிறகு சாகும்வரை என்னை மருமகளே என்றுதான் கூப்பிட்டார். முன்பெல்லாம் அண்ணன் மகளே என்பார்.

சாப்பாடு தலைகீழாயிற்று. எண்ணெய் கிடையாது, தேங்காய் கிடையாது, கச்சான், எள், பருப்பு, கீரை எல்லாம் போயிற்று. தீட்டிய வெள்ளரிசிச் சோறு, கடலோரத்துக் கோத்தா கோலா மூடாவிலிருந்து வரும் மீனை ஆவியில் வைத்தது, தோல் உரித்த கோழி, முட்டையின் வெள்ளைக்கரு. அதோடு ஒரு பொடி. தண்ணீரில் கலக்கினால் கரையாது, மணலைக் குடிப்பதுபோல் குடிக்க வேண்டும். குணமாகும்வரை கவிச்சி இல்லை என்று முருகனிடம் சொன்ன வீட்டில், குணமாக வேண்டும் என்பதற்காக மீன் வெந்தது. அத்தை வெளியே தகரக் கூரைக்குக் கீழே தனி அடுப்பு போட்டுக்கொண்டார். வேண்டுதலை முறித்த வீடு விளங்காது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பேத்திமேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்த அடுப்பில் எள்ளுருண்டை பிடித்து முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து அவளுக்குக் கொடுக்கப் பார்த்த பாசம் அது. என் மகள் வாங்கிக்கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, நல்லா இருந்தது பாட்டி என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த வீட்டில் எல்லாரையும் சமாளிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

ஒரு வருடத்தில் முழங்கைக் கட்டிகள் கரைந்தன. முகத்தில் ரத்தம் ஏறியது. கன்றுவது குறைந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

பதினாறு வயதில், நான்காம் படிவத்தில், பள்ளி விளையாட்டுப் போட்டியன்று, ஓடக்கூட இல்லை, கொடி பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி நடந்து வந்தவள் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சின்மேல் யாரோ ஏறி நிற்பதுபோல் இருக்கிறது என்றாள். மறுபடி பினாங்கு. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று உள்பக்கமாகத் தடித்திருக்கிறது என்றார்கள். ஐம்பது வயதுக்காரர்களுக்கு வருவது. கட்டி கரைந்ததுபோல் இதுவும் கரையுமா என்று கேட்டேன். இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்ளலாம், சேர்ந்ததைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண் டாக்டர். எந்த வருடங்களில் சேர்ந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கரண்டி கரண்டியாகத் தெரியும்.

நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதை அவள் சட்டைப்பையில் ஒன்று, பள்ளிப்பையில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று என்று வைத்தோம். அதிலிருந்து நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றால் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அவள் படி ஏறும்போது நான் மூச்சை எண்ணுவேன். "அம்மா, நான் என்ன பாலா, பொங்கிருமான்னு பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் குடும்பத்தில் எதுவும் மாறவில்லை. அத்தானின் தம்பி தன் மகளை மாமன் மகனுக்கே பேசி முடித்தார். நான் அத்தானிடம் சொல்லி, அவர் தம்பியிடம் சொல்ல, அங்கிருந்து வந்த பதில், அண்ணி நல்ல காரியத்தில் வாய் வைக்க வேண்டாம் என்பது. கல்யாணத்துக்கு அத்தான் மட்டும் போய்விட்டு வந்தார். விருந்து நன்றாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்ததும் என் மகளுக்குக் கோலாலம்பூரில் கணக்காய்வு படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டல். யார் சமைப்பார்கள், என்ன எண்ணெயில் சமைப்பார்கள், நெஞ்சு வலித்தால் பக்கத்து அறையில் இருக்கிற பெண்ணுக்கு என்ன தெரியும். நான் கூடாது என்றேன். சுங்கை பட்டாணியிலேயே டைப்ரைட்டிங் படித்துவிட்டு, வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி ஏதாவது ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கட்டும் என்றேன். அத்தான் வழக்கம்போல் பார்க்கலாம் என்றார். அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நான் செத்துருவேன்னு சின்ன வயசுல இருந்து எல்லாரும் பயந்தீங்க. சரி. சாகலன்னா? சாகலன்னா நான் என்ன பண்றதுன்னு இந்த வீட்ல ஒருத்தராவது யோசிச்சீங்களாம்மா?"

அவள் கேட்டது நியாயம். யாரும் யோசிக்கவில்லை. பிழைக்க வைப்பதிலேயே எங்களுக்கு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

போய்விட்டாள். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு சட்டியும் கொண்டுபோனாள். ஹாஸ்டலில் அதற்கு அனுமதி வாங்கத் தானே வார்டனிடம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவாள். என் கேள்விகள் வரிசை மாறாது. என்ன சாப்பிட்டாய், பொடி குடித்தாயா, மாடி எத்தனை, மூச்சு வாங்குகிறதா, மாத்திரை பையில் இருக்கிறதா. அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள்.

போன வாரம் பதில் சொல்லவில்லை. நான் கேட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டு, "அம்மா, வேற ஏதாவது கேளுங்களேன்" என்றாள்.

வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே யாரோ சிரிப்பதும், ஒரு மோட்டார் சைக்கிள் போவதும் கேட்டது. நேரம் முடியப்போகிறது என்று தொலைபேசி கிர்ரென்றது. அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். இன்னொரு காசு விழுந்தது.